பல்கலைக்கழக அறிவியல் இதழை அளப்பது: சூத்திரத்துக்கு முன்னால் உள்ள வேலை

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நூலக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் நீங்கள், பேராதனைப் பல்கலைக்கழகம் வெளியிடும் சிலோன் ஜர்னல் ஆஃப் சயன்ஸ் போன்ற ஒரு பல்கலைக்கழக அறிவியல் இதழின் பத்தாண்டுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் வந்தன, யார் எழுதினார்கள், தனியாக எழுதினார்களா கூட்டாக எழுதினார்களா என்பதை அளக்க விரும்புகிறீர்கள். எந்தெந்தச் சூத்திரங்களைப் பயன்படுத்துவது, எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதுவார்கள் என்பதைச் சொல்லும் லோட்கா விதியைச் சோதித்தே ஆக வேண்டுமா, கிடைக்கும் எண்களிலிருந்து எதைச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூத்திரங்களைப் போட்டு விடை எடுக்க எக்செலில் ஒரு மாலைப்பொழுது போதும். அந்தச் சூத்திரங்களுக்குள் போகும் எண்களைச் சரியாக எண்ணி எடுக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும், ஆக வேண்டும். எது கட்டுரை, எது எந்த ஆண்டைச் சேர்ந்தது, இரண்டு இடங்களில் வரும் ஒரே பெயர் ஒரே ஆளா, மூவர் சேர்ந்து எழுதியதை யார் கணக்கில் வைப்பது என்ற நான்கு கேள்விகளுக்கும் நீங்கள் தரும் விடைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. நான் படித்துப் பார்த்த ஆய்வேடுகள் பலவற்றில் இந்த நான்கும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன, அட்டவணைகள் நாற்பது பக்கம் நீள்கின்றன. அதனால் என் பதிலில் பெரும்பகுதியை அந்த ஒரு பத்திக்குள் அடங்கிப்போகும் வேலைக்கே ஒதுக்குகிறேன்.

இந்தத் துறையின் வேர் நமக்கு அந்நியமானது அல்ல. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த அஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில், நூலகப் பணிகளையும் எண்களால் அளக்க வேண்டும் என்று சொல்லி அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரிட்டார். நூல்களையும் கட்டுரைகளையும் எண்களால் அளப்பதற்குப் பிப்லியோமெட்ரிக்ஸ் என்று இன்று நாம் புழங்கும் சொல்லை ஆலன் பிரிச்சர்ட் முன்வைத்தது 1969-இல்தான். தமிழில் இதை நூலளவியல் என்கிறோம். எழுதுகிறவரையும் பாடம் நடத்துகிறவரையும் இதழை நடத்துகிறவரையும் ஆசிரியர் என்ற ஒரே சொல்லால் குறிப்பது இந்த ஆய்வில் பெருங்குழப்பம் தரும் என்பதால், எழுதுகிறவரைக் கட்டுரையாளர் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். உங்கள் ஆய்வேட்டிலும் அப்படியே செய்தால் நல்லது.

முதலில் இதழின் வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் நூறாண்டு வந்த இதழ் நூறாண்டும் ஒரே இதழாக இருந்திருக்காது. நீங்கள் சொன்ன இதழே நல்ல எடுத்துக்காட்டு. சிலோன் ஜர்னல் ஆஃப் சயன்ஸ் 1924-இல் தொடங்கியபோது பல்கலைக்கழக இதழாக இருக்கவில்லை. கொழும்பு அருங்காட்சியகம் 1903 முதல் வெளியிட்டு வந்த ஸ்போலியா ஸெய்லானிகா, பேராதனை அரச தாவரவியல் பூங்காவின் ஆண்டேடு போன்ற பழைய வெளியீடுகள் அதன் தனித்தனிப் பிரிவுகளாகச் சேர்ந்தன, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தொகுதி எண் இருந்தது. பின்னர் உயிரியலுக்கான இதழாகப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, உயிரியல் அறிவியல்கள் என்ற துணைப்பெயரோடு நெடுங்காலம் நடந்தது. 2016 முதல் அந்தத் துணைப்பெயர் நீங்கி, அறிவியலின் எல்லாத் துறைகளுக்கும் உரியதாயிற்று. இப்போது 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டை ஒரே வரிசையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும்? முதல் பாதியில் பூச்சிகளையும் தவளைகளையும் செடிகளையும் பற்றி எழுதியவர்கள் இருப்பார்கள், பின்பாதியில் இயற்பியலாரும் கணிதவியலாரும் வந்து சேர்வார்கள். கணிதத்தில் ஒருவர் இருவராக எழுதுவது வழக்கம், கள ஆய்வு செய்யும் உயிரியலில் நான்கைந்து பேர் சேர்வது வழக்கம். சராசரிக் கட்டுரையாளர் எண்ணிக்கை 2016-க்குப் பிறகு மாறினால், அதைக் கூட்டுமுயற்சி கூடியது அல்லது குறைந்தது என்று எழுத முடியாது, ஏனென்றால் இதழின் துறை எல்லை மாறியதால் மட்டுமே அந்த மாற்றம் வந்திருக்கலாம். இப்படிப்பட்ட இதழில் கால எல்லையை 2016-இல் இரண்டாக வெட்டி, துறைவாரியாகவும் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும்.

அடுத்தது, எது கட்டுரை. பல்கலைக்கழக இதழில் ஆய்வுக் கட்டுரை, மதிப்பாய்வுக் கட்டுரை, குறுங்கட்டுரை, புத்தக மதிப்புரை, இதழாசிரியர் உரை, பிழைத்திருத்தம், ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு அஞ்சலி என்று எல்லாம் ஒரே உள்ளடக்கப் பக்கத்தில் இருக்கும். இதழாசிரியர் உரையைக் கட்டுரையாக எண்ணினால், ஆண்டுக்கு இரண்டு இதழ் வீதம் பத்தாண்டில் ஒரே ஆள் இருபது தனிக் கட்டுரைகள் எழுதியவராகி, அதிகம் எழுதியவர்கள் பட்டியலின் உச்சியில் நின்றுவிடுவார். ஆய்வுக் கட்டுரை, மதிப்பாய்வு, குறுங்கட்டுரை மூன்றையும் மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த வரையறையை எடுத்தாலும் அதை எழுதி வைக்க வேண்டும். கருத்தரங்கச் சிறப்பிதழையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அது வரும் ஆண்டில் எண்ணிக்கை திடீரென்று ஏறி, அடுத்த ஆண்டு இறங்கும், வரைபடத்தில் ஒரு மலை தெரியும். அந்த மலைக்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

ஆண்டு என்பதும் பார்ப்பதற்கு எளிது, எண்ணும்போது சிக்கல். பல்கலைக்கழக இதழ்கள் தாமதமாக வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. அட்டையில் ஓர் ஆண்டும், உண்மையில் அச்சாகி வெளிவந்தது அடுத்த ஆண்டும், சில வேளை அதற்கும் அடுத்த ஆண்டுமாக இருக்கும். நல்ல வேளையாகப் பெரும்பாலான அறிவியல் இதழ்களில் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, பெரும்பாலும் சுருக்கத்துக்குப் பக்கத்திலோ பக்கத்தின் அடியிலோ சிறிய எழுத்தில், கட்டுரை வந்து சேர்ந்த நாளும் ஏற்கப்பட்ட நாளும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இரண்டு நாள்களையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் 2014 என்று இருக்கும் இதழில், 2015 மார்ச்சில் வந்து சேர்ந்த கட்டுரை ஒன்று இருந்தால், இதழை நிரப்பக் கட்டுரை போதாமல் காத்திருந்தார்கள் என்று அந்தச் சிறிய வரி உங்களுக்குச் சொல்லிவிடும். வந்த நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் உள்ள இடைவெளியின் நடுமதிப்பை ஆண்டுதோறும் கணக்கிட்டால், இதழின் நடைமுறையைப் பற்றி எந்தச் சூத்திரமும் சொல்லாத செய்தி கிடைக்கும். சராசரியை விட நடுமதிப்பே இங்கு பொருத்தம், ஏனென்றால் மூன்றாண்டு கிடப்பில் கிடந்த ஒரே ஒரு கட்டுரை சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனி பெயர்கள். இந்த வேலையின் கனமே இங்குதான் இருக்கிறது.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும், சிலருக்கு ஊர்ப் பெயரின் முதலெழுத்தும். செல்லையாவின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். செல்லையா என்பதை ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்கியும் எழுதலாம், எஸ் எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். ஆகவே அவர் ஒரு கட்டுரையில் சி. முருகன், இன்னொன்றில் எஸ். முருகன், முதலெழுத்தை விரிக்கச் சொல்லும் வெளிநாட்டு இதழுக்கு எழுதிப் பழகிய பிறகு முருகன் செல்லையா. அதைத் தரவுத்தளம் குடும்பப் பெயர் முறையில் புரிந்துகொண்டு செல்லையா எம். என்று திருப்பிப் போட்டுவிடும், இப்போது அவர் தன் தந்தை பெயரால் கட்டுரை எழுதியவர் ஆகிவிட்டார். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தைத் தந்தை பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்கள், முனைவர் பட்டத்துக்கு முன் ஒருவராகவும் பின் ஒருவராகவும் பட்டியலில் நிற்பார்கள். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ழகரத்துக்காக எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சிங்களப் பெயர்களில் முன்னால் மூன்று நான்கு முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும், ஒரு கட்டுரையில் நான்கும் இருக்கும், அடுத்ததில் இரண்டு மட்டும் இருக்கும். டி சில்வாவை டி எழுத்தில் சேர்ப்பதா எஸ் எழுத்தில் சேர்ப்பதா என்பதில் இரண்டு தட்டச்சர்கள் ஒத்துப்போவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், எஸ். குமார் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் மூன்று துறைகளைச் சேர்ந்த மூன்று பேர் இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த இதழின் எண்களும் அல்ல. பத்தாண்டில் 300 வெவ்வேறு பெயர்கள் வந்தன, அவற்றில் 234 பெயர்கள் ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மட்டும் எழுதியவர்கள் 78 விழுக்காடு. இப்போது பெயர்களை ஒழுங்காகப் பார்க்கையில், இந்த 234-இல் 40 பெயர்கள் உண்மையில் 20 பேருடையவை, ஒவ்வொருவரும் இரண்டு வடிவங்களில் இரண்டு கட்டுரைகளில் வந்திருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. மொத்த ஆள்கள் 280, ஒருமுறை எழுதியவர்கள் 194. விழுக்காடு 69-க்கு இறங்கிவிட்டது. எந்தக் கட்டுரையும் கூடவில்லை, எந்தக் கட்டுரையும் குறையவில்லை, இருபது பேரை அடையாளம் கண்டதுதான் வேறுபாடு. பெயர்ப் பிளவு, அதாவது ஒருவரைப் பலராக எண்ணுவது, எப்போதும் ஒரே பக்கமாகத்தான் பிழை செய்யும்: ஒருமுறை எழுதியவர்களைக் கூட்டும், பலமுறை எழுதியவர்களைக் குறைக்கும். பெயர் மயக்கம், அதாவது பலரை ஒருவராக எண்ணுவது, இதற்கு நேர் எதிராகப் பிழை செய்யும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நான் பின்பற்றிய முறை இது. இரண்டு பெயர் வடிவங்களை ஒரே ஆளாகச் சேர்ப்பதற்குக் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும்: ஒரே துறை அல்லது நிறுவனம், பொதுவான கூட்டுக் கட்டுரையாளர், ஒரே நுண்துறைப் பொருள், ஒரே மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்க்கிட் எண் அச்சிடப்பட்டிருந்தால் அது ஒன்றே போதும். ஆனால் அந்த அடையாள எண் முறை தொடங்கியதே 2012-இல் என்பதால் பழைய தொகுதிகளுக்கு அது உதவாது. சேர்த்த ஒவ்வொரு பெயருக்கும் எந்தச் சான்றால் சேர்த்தோம் என்று ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள். ஐயம் தீராதவற்றைச் சேர்க்காமல் விட்டு, அப்படி விட்டவை எத்தனை என்று ஆய்வேட்டில் சொல்லுங்கள்.

எக்செலில் ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். முதல் தாளில் கட்டுரைக்கு ஒரு வரி: தொகுதி, இதழ் எண், அட்டை ஆண்டு, வந்த நாள், ஏற்ற நாள், வகை, துறை, பக்கங்கள், மேற்கோள்களின் எண்ணிக்கை. இரண்டாம் தாளில் கட்டுரையாளருக்கு ஒரு வரி: நான்கு பேர் எழுதிய கட்டுரைக்கு நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் அச்சில் உள்ளபடி பெயர், நீங்கள் தீர்மானித்த ஒரே வடிவப் பெயர், வரிசையில் எத்தனையாவது, துறை, நிறுவனம், நாடு. அச்சில் உள்ளபடி என்ற கட்டத்தை எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள், பின்னால் தவறாகச் சேர்த்ததைப் பிரிக்க அது ஒன்றுதான் வழி. நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, தட்டச்சு செய்துகொண்டே பெயர்களைத் திருத்திக்கொண்டு போனேன். எட்டாவது தொகுதிக்கு வந்தபோது ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது தெரிந்தது, பழைய ஏழு தொகுதிகளையும் அலமாரியிலிருந்து மீண்டும் இறக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் இருபது கட்டுரைகளைக் குலுக்கி எடுத்து, உங்கள் தாளைக் காட்டாமல் நண்பர் ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்பதே உங்கள் தரவின் நம்பகத்தன்மைக்கு அளவு.

இப்போது அளவீடுகளுக்கு வருவோம். நம் பல்கலைக்கழகங்களின் நூலக அறிவியல் ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறுவது ஒப்பீட்டு வளர்ச்சி வீதமும் இரட்டிப்புக் காலமும். ஓர் ஆண்டு வரையிலான திரண்ட மொத்தத்தின் இயல் மடக்கையிலிருந்து முந்தைய ஆண்டு வரையிலான மொத்தத்தின் இயல் மடக்கையைக் கழித்தால் வீதம், 0.693-ஐ அந்த வீதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம். ஆண்டுக்குச் சரியாக 20 கட்டுரைகள், கூடாமல் குறையாமல் பத்தாண்டு வெளியிட்ட ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். திரண்ட மொத்தம் 20, 40, 60 என்று போய் 200-இல் முடியும். இரண்டாம் ஆண்டில் வீதம் 0.693, மூன்றாம் ஆண்டில் 0.405, நான்காம் ஆண்டில் 0.288, பத்தாம் ஆண்டில் 0.105. இரட்டிப்புக் காலம் ஓராண்டிலிருந்து ஏறக்குறைய 6.6 ஆண்டுகளாக நீண்டுவிட்டது. இதைப் பார்த்து, இதழின் வளர்ச்சி ஆண்டுதோறும் சரிந்து வருகிறது, இதழ்க் குழு கவனிக்க வேண்டும் என்று முடிவுரை எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை படித்து மனம் வருந்தியிருக்கிறேன். சரிந்தது எதுவும் இல்லை. தொடக்க ஆண்டுக்கு முன்னால் இதழே இல்லாதது போல எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கியதால் வந்த கணித விளைவு அது. அறுபதாண்டு வயதான இதழுக்கு 2011-ஐத் தொடக்கமாக வைத்தால் ஒரு வீதம், 2006-ஐ வைத்தால் இன்னொரு வீதம். பல்கலைக்கழக இதழின் ஆண்டு எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அச்சுச் செலவும் ஒரு இதழுக்கு இத்தனை பக்கம் என்ற வரம்பும்தான். அங்கே இந்த அளவீட்டுக்கு வேலை இல்லை. ஆண்டு எண்ணிக்கையை அப்படியே கோட்டு வரைபடமாகப் போட்டு, பக்கங்களின் எண்ணிக்கையையும் அருகில் வையுங்கள், போதும். நெறியாளர் கட்டாயம் வேண்டும் என்றால் கணக்கிடுங்கள், ஆனால் மேலே சொன்ன எச்சரிக்கையையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கூட்டுமுயற்சியை அளக்க மூன்று அளவீடுகள் புழக்கத்தில் உள்ளன. மீண்டும் விளக்கத்துக்கான எண்கள்: மொத்தம் 200 கட்டுரைகள், ஒருவர் எழுதியவை 30, இருவர் 70, மூவர் 60, நால்வர் 30, ஐவர் 10. கட்டுரையாளர் இடங்கள் மொத்தம் 520. லவானி 1980-இல் பயன்படுத்திய கூட்டுக் குறியீடு என்பது வெறும் சராசரி, 520-ஐ 200-ஆல் வகுத்தால் 2.6. சுப்ரமண்யம் 1983-இல் முன்வைத்த கூட்டு அளவு என்பது கூட்டாக எழுதப்பட்டவற்றின் பங்கு, 170-ஐ 200-ஆல் வகுத்தால் 0.85. அஜிஃபெருக்கே, பரெல், டேக் மூவரும் 1988-இல் தந்த கூட்டுக் கெழு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்றை அதன் கட்டுரையாளர் எண்ணிக்கையால் வகுத்து, அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்து, ஒன்றிலிருந்து கழிக்கிறது. நம் எண்களில் 30, 35, 20, 7.5, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 94.5, அதை 200-ஆல் வகுத்தால் 0.4725, ஒன்றிலிருந்து கழித்தால் 0.5275.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? கூட்டு அளவு தனியாக எழுதுவது குறைகிறதா என்ற ஒரே கேள்விக்கு நல்ல விடை தரும், அதற்கு மேல் எதையும் பார்க்காது. எல்லாக் கட்டுரைகளையும் இருவர் எழுதிய இதழுக்கும், எல்லாவற்றையும் பத்துப் பேர் எழுதிய இதழுக்கும் அது 1 என்றே சொல்லும். கூட்டுக் கெழு அவற்றை 0.5 என்றும் 0.9 என்றும் பிரித்துக் காட்டும். சராசரியோ நாற்பது பேர் கையெழுத்திட்ட ஒரே கட்டுரையால் அலைக்கழிக்கப்படும். எனவே கூட்டுக் கெழுவையும், அதைவிட முக்கியமாக, ஒருவர் இருவர் மூவர் என்ற அந்த முழுப் பரவலையும் ஆண்டுவாரியாகக் கொடுங்கள். ஆண்டுக்கு இருபதே கட்டுரைகள் உள்ள இதழில் இரண்டு கட்டுரைகள் இடம் மாறினால் பத்து விழுக்காடு மாறிவிடும் என்பதால், ஆண்டுதோறும் ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் தேடாமல், ஐந்தாண்டு ஐந்தாண்டாகச் சேர்த்து ஒப்பிடுவதே பாதுகாப்பு.

இந்த எண்கள் எவ்வளவு உயர்ந்தாலும், கூட்டின் தன்மையைச் சொல்ல மாட்டா. பல்கலைக்கழக அறிவியல் இதழில் இருவர் எழுதிய கட்டுரை என்றால் பெரும்பாலும் ஒரு மாணவரும் அவருடைய நெறியாளரும்தான். அதைத் தவறென்று சொல்லவில்லை, ஆனால் அதையும் இரண்டு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்ததையும் ஒரே 0.85-க்குள் அடைத்துவிட்டு, இதழில் கூட்டு ஆய்வு தழைக்கிறது என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பு. இரண்டாம் தாளில் துறையையும் நிறுவனத்தையும் நாட்டையும் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதைக் கொண்டு ஒரே துறைக்குள், ஒரே பல்கலைக்கழகத்தின் பல துறைகளுக்கிடையே, உள்நாட்டின் பல நிறுவனங்களுக்கிடையே, வெளிநாட்டோடு என்று நான்காகப் பிரியுங்கள். என் பார்வையில் உங்கள் ஆய்வேட்டின் சிறந்த அட்டவணை இதுவாகத்தான் இருக்கும்.

அதோடு ஒட்டியது, இதழை நடத்தும் பல்கலைக்கழகத்தாரின் பங்கு. இங்கு யாருக்குக் கணக்கு வைப்பது என்ற நான்காவது கேள்வி எழுகிறது. மூவர் எழுதிய கட்டுரையில் இருவர் சொந்தப் பல்கலைக்கழகத்தார், ஒருவர் வெளியார் என்றால், முழு எண்ணிக்கையில் இரு நிறுவனங்களுக்கும் ஒவ்வொன்று, பின்ன எண்ணிக்கையில் மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும், முதல் கட்டுரையாளர் எண்ணிக்கையில் அவர் எங்கிருக்கிறாரோ அந்த நிறுவனத்துக்கு முழுவதும். மூன்றும் மூன்று வரிசைப்பட்டியல்களைத் தரும். முழு எண்ணிக்கையில் கூட்டினால் மொத்தம் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும் என்பதால் நிறுவனப் பங்குக்குப் பின்ன எண்ணிக்கையே ஏற்றது. இதழ்க் குழுவில் இருப்பவர்கள் அதே இதழில் எழுதிய கட்டுரைகளைத் தனியே எண்ணுங்கள், குழுவின் பட்டியல் ஒவ்வொரு தொகுதியின் உள்ளட்டையிலும் இருக்கும். சொந்தப் பங்கு அதிகமாக இருப்பது தன்னளவில் குற்றமாகாது, வெப்பமண்டலத் தீவொன்றின் பல்லிகளைப் பற்றி அந்தத் தீவின் பல்கலைக்கழகம்தான் அதிகம் எழுதும். ஆனால் பத்தாண்டில் அந்தப் பங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது இதழின் வாசல் திறக்கிறதா மூடுகிறதா என்பதைக் காட்டும்.

லோட்கா விதிக்கு வருகிறேன். ஆல்ஃபிரட் லோட்கா 1926-இல் இரண்டு மூலங்களை எடுத்துக்கொண்டார்: வேதியியல் கட்டுரைச் சுருக்கங்களின் தொகுப்பான கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் 1907 முதல் 1916 வரையிலான பெயரடைவில் ஏ, பி எழுத்துகளில் தொடங்கும் 6,891 பெயர்கள், இயற்பியல் வரலாற்றுக்கு அவ்ர்பாக் தொகுத்த அட்டவணையில் உள்ள 1,325 பெயர்கள். இரண்டு கட்டுரை எழுதியவர்கள் ஒரு கட்டுரை எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மூன்று எழுதியவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்று கண்டார். இந்தத் தலைகீழ் வர்க்க விதிப்படி ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் 60.8 விழுக்காடு இருக்க வேண்டும். இரண்டு செய்திகள் அடிக்கடி மறக்கப்படுகின்றன. லோட்கா கூட்டுக் கட்டுரைகளை முதன்மைக் கட்டுரையாளர் ஒருவர் கணக்கில் மட்டுமே வைத்தார், நாமோ எல்லோருக்கும் ஒவ்வொன்று வைத்து எண்ணிவிட்டு அவருடைய விதியோடு ஒப்பிடுகிறோம். இரண்டாவது, அவர் ஒரு துறையின் மொத்த வெளியீட்டை எண்ணினார், ஓர் இதழை அல்ல. ஓர் ஆய்வாளர் பத்தாண்டில் முப்பது கட்டுரைகள் எழுதி, அதில் ஒன்றை மட்டும் தன் பல்கலைக்கழக இதழுக்குக் கொடுத்திருந்தால், உங்கள் அட்டவணையில் அவர் ஒருமுறை எழுதியவர்தான். ஆகவே ஒற்றை இதழில் ஒருமுறை எழுதியவர்கள் 60.8-ஐத் தாண்டிப்போவது எதிர்பார்க்க வேண்டியதே. அது அவர்களின் உழைப்பைப் பற்றி எதையும் சொல்லாது.

சோதிப்பதென்றால் முறையாகச் சோதியுங்கள். விதியின் அடுக்கை, அதாவது தலைகீழ் வர்க்கத்தில் வரும் அந்த 2-ஐ, முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல் தரவிலிருந்து மதிப்பிட்டு, எதிர்பார்த்த பரவலும் கிடைத்த பரவலும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் கோல்மகொரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையால் ஒப்பிடும் வழியை மிராண்டா பாவ் 1985-இல் படிப்படியாகத் தந்திருக்கிறார். நம் பழைய எண்ணுக்கே திரும்புவோம். 300 பேர் என்றால் ஒரு விழுக்காட்டுப் பிழை நிலையில் வேறுபாடு தாண்டக் கூடாத வரம்பு, 1.63-ஐ 300-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.094. ஒருமுறை எழுதியவர்கள் 0.78, அடுக்கு 2-க்கான எதிர்பார்ப்பு 0.608, வேறுபாடு 0.172. விதி பொருந்தவில்லை. பெயர்களைச் சரிசெய்த பிறகு 0.693, வேறுபாடு 0.085, 280 பேருக்கான வரம்பு 0.097. முதல் வரிசையில் வரம்பைத் தாண்டி நின்ற வேறுபாடு உள்ளே வந்துவிட்டது. மற்ற வரிசைகளின் திரண்ட மதிப்புகளையும் பார்த்து அவற்றில் மிகப் பெரிய வேறுபாட்டைக் கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஆனால் இருபது பேரின் முதலெழுத்துகள் ஒரு விதியின் தலைவிதியை எப்படி அசைக்கின்றன என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. திருத்தாத எண்ணையே வைத்துக்கொண்டு அடுக்கை 2.7 என்று மதிப்பிட்டால் எதிர்பார்ப்பு 78.5 விழுக்காடாகி, விதி பொருந்துகிறது என்ற முடிவு வந்திருக்கும், தவறான பெயர்களுக்குச் சரியாகப் பொருந்திய விதி. உங்கள் கேள்விக்கு நேரான விடை: லோட்கா சோதனை கட்டாயமில்லை. செய்தால் எந்த முறையில் எண்ணினீர்கள், அடுக்கு எவ்வளவு, பெயர் திருத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்ற மூன்றையும் கொடுங்கள்.

பிராட்ஃபோர்டு விதியையும் சிலர் சேர்க்கச் சொல்வார்கள். அது ஒரு பொருளைப் பற்றிய கட்டுரைகள் பல இதழ்களில் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பற்றி 1934-இல் சொல்லப்பட்டது, ஒற்றை இதழின் கட்டுரைகளுக்கு அதைப் போட முடியாது. அந்தக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் வரும் இதழ்களுக்குப் போடலாம், எந்த இதழ்களை நூலகம் வாங்கியாக வேண்டும் என்பதற்கு அது உதவும். மேற்கோள் தாக்கத்தைப் பொறுத்தவரை, பெரிய தரவுத்தளங்களில் முழுமையாக இடம்பெறாத இதழுக்கு எந்த மூலத்திலிருந்து எடுக்கிறீர்களோ அதற்கேற்ப எண் மாறும். கூகுள் ஸ்காலரில் கிடைப்பதும் ஸ்கோப்பஸில் கிடைப்பதும் ஒன்றல்ல, இரண்டையும் கலக்கவே கூடாது.

கடைசியாக, தொடங்கும் வழி. பத்தாண்டையும் ஒருசேர எடுக்காதீர்கள். நடுவிலுள்ள ஒரு தொகுதியை மட்டும் மேசையில் வைத்து, இரண்டு தாள்களையும் அதற்கு மட்டும் முழுமையாக நிரப்புங்கள். முதல் இருபது கட்டுரைகளுக்குள்ளேயே நீங்கள் யோசித்திராத ஐந்தாறு சிக்கல்கள் வந்து நிற்கும்: இரண்டு நிறுவனங்களை எழுதிய ஒருவர், நிறுவனமே எழுதாத ஒருவர், வந்த நாள் ஏற்ற நாளுக்குப் பின்னால் இருக்கும் அச்சுப்பிழை. ஒவ்வொன்றுக்கும் எடுத்த முடிவைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அந்தக் குறிப்பேட்டை நெறியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு அடுத்த தொகுதியைத் திறங்கள். ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக அந்தக் குறிப்பேட்டையே விரித்து எழுதிவிடலாம், தரவுத் தாள்கள் இரண்டையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, இதழ்க் குழுவிடமும் ஒரு படி கொடுத்துவிடுங்கள், அடுத்த பத்தாண்டை எண்ண வருகிறவர் அதே விதிகளின்படி தொடர முடியும்.